ட்ரை ஸ்பார்க்ளிங் ஒயின், அதுவும் குடும்பத் தோட்டத்தது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுரைக்கும் வெள்ளை ஒயின் பற்றி என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ட்ரை என்றால் என்ன, குடும்பத் தோட்டம் என்று போட்டிருக்கிறதே அது நிஜமா, திறக்கும்போது கார்க் கண்ணில் அடிக்குமா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். முதலிலேயே ஒன்று: பாட்டிலின் முன்பக்கம் படம் காட்டுவதற்கு, விஷயமெல்லாம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கிறது. கீழே உள்ள பதில்களில் பாதி அந்தப் பொடி எழுத்தைப் பற்றித்தான்.

ட்ரை என்றால் என்ன? திரவம் எப்படி உலர்ந்ததாக இருக்கும்?

இனிப்பில்லாதது என்று அர்த்தம், அவ்வளவுதான். திராட்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. தின்பதற்கு எதுவும் மிச்சமில்லை என்றால் ஒயின் ட்ரை. குடித்ததும் வாய் இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு உணர்வு வருமே, அது வேறு. அது டானின் தரும் துவர்ப்பு, பெரும்பாலும் சிவப்பு ஒயின் சமாச்சாரம். பழ வாசனை தூக்கலாக இருந்தாலும் சிலர் இனிப்பு என்று சொல்லிவிடுவார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள், நாக்கு உண்மையைச் சொல்லிவிடும்.

'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று பார்த்துத்தான் வாங்கினேன். இனிக்கிறதே, ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை, பெயர்தான் அப்படி. நானும் முதல் தடவை இதில் வசமாக மாட்டினேன். 'எக்ஸ்ட்ரா' என்றதும் இதைவிட ட்ரையாக ஒன்று இருக்காது என்று நினைத்துவிட்டேன். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி எக்ஸ்ட்ரா ட்ரை என்றால் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை. வெறும் 'ட்ரை' அல்லது 'செக்' என்று இருந்தால் இன்னும் மோசம், 17 முதல் 32 கிராம். அதற்கும் மேலே டெமி-செக், 32 முதல் 50. ஐம்பதைத் தாண்டினால் 'டூ' (doux) என்று போடுவார்கள்.

நீங்கள் தேட வேண்டிய சொல் 'ப்ரூட்'. அது 12 கிராமுக்குக் குறைவு. 'எக்ஸ்ட்ரா ப்ரூட்' 6 கிராம் வரை. 'ப்ரூட் நேச்சர்' என்றால் கடைசியில் சர்க்கரை சேர்க்கவே இல்லை, இயற்கையாக இருப்பதும் 3 கிராமுக்குள். அதாவது 'எக்ஸ்ட்ரா' என்பது ப்ரூட்டுக்கு முன்னால் வந்தால் இனிப்பு இறங்கும், ட்ரைக்கு முன்னால் வந்தாலும் இறங்கும், ஆனால் ட்ரை என்ற படியே உயரத்தில் இருப்பதால் எக்ஸ்ட்ரா ட்ரை ப்ரூட்டை விட இனிப்பாகவே நிற்கிறது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் வரலாறு. 19-ஆம் நூற்றாண்டில் ஷாம்பெயினில், அதாவது பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் செய்யும் நுரைக்கும் ஒயினில், இன்றைக்கு நம்மால் குடிக்கவே முடியாத அளவுக்குச் சர்க்கரை கொட்டினார்கள். அந்த இனிப்போடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 20 கிராம் 'ட்ரை'தான். பிறகு பொம்மெரி என்ற ஷாம்பெயின் நிறுவனத்தின் 1874 வருடத்து ப்ரூட் மாதிரியான ஒயின்கள் இங்கிலாந்தில் பிடித்துப்போய், ருசி ட்ரை பக்கம் சாய்ந்தது. பழைய பெயர்கள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன.

ப்ரூட்டிலும் 8, 9 கிராம் சர்க்கரை இருக்கலாமே, அது ஏன் நாக்கில் தெரியவில்லை?

புளிப்பு அதை விழுங்கிவிடுகிறது. நுரைக்கும் ஒயினுக்கான திராட்சையைக் கொஞ்சம் முன்னதாகவே, புளிப்பு இறங்குவதற்குள் பறித்துவிடுவார்கள். எலுமிச்சைச் சாற்றில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டால் இனிக்காது, புளிப்பின் முனை மட்டும் மழுங்கும், இல்லையா? அதேதான் இங்கேயும். குமிழியும் குளிர்ச்சியும் சேர்ந்து இனிப்பை இன்னும் அமுக்கிவிடுகின்றன. அதே ஒயினைக் குளிர் விடும் வரை வெளியே வைத்து, வாயு போன பிறகு குடித்தால் 'அட, இனிக்கிறதே' என்று தோன்றும்.

கடைசியில் சேர்க்கும் இந்தச் சிறு இனிப்புக்கு டோசாஜ் என்று பெயர். டோசாஜ் இல்லாததுதான் உசத்தி என்று ஒரு பேச்சு நடமாடுகிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நன்றாகப் பழுத்த திராட்சையும் ஈஸ்ட்டோடு நீண்ட காலம் கிடந்த ஒயினும் இருந்தால் ப்ரூட் நேச்சர் அருமையாக இருக்கும். இல்லாவிட்டால் பல் கூசும் புளித்தண்ணீர். நாலைந்து கிராம் டோசாஜ் ஒன்றும் பாவம் இல்லை.

குமிழி எப்படி உள்ளே போகிறது? சோடா மாதிரி அடிக்கிறார்களா?

மலிவான சிலவற்றில் அப்படியும் உண்டு. ஆனால் தரமானவற்றில் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்க வைக்கிறார்கள்.

முதலில் சாதாரண வெள்ளை ஒயின் ஒன்று தயாராகும், புளிப்பாக, தனியாகக் குடித்தால் பெரிதாக ஒன்றும் இல்லாததாக. அதை பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். ஏறத்தாழ 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு வளிமண்டல அழுத்தம் என்று கணக்கு, ஆக 24 கிராமுக்கு ஆறு. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்துவிடும். ஆல்கஹாலும் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறும், அதனால்தான் பெரும்பாலான பாட்டில்களில் 12 அல்லது 12.5 சதவீதம் என்று பார்க்கிறீர்கள்.

வேலை முடிந்த ஈஸ்ட் செத்து அடியில் படியும். அந்த வண்டலோடு ஒயின் படுத்துக் கிடக்கும் காலம்தான் ருசியின் பெரும்பகுதி. செத்த ஈஸ்ட் மெதுவாகச் சிதைந்து ரொட்டி, வறுத்த கொட்டை மாதிரியான வாசனையையும் வாயில் ஒரு வழவழப்பையும் கொடுக்கும். ஷாம்பெயினில், லேபிளில் அறுவடை வருடம் போடாத ஒயின் குறைந்தது 15 மாதம் நிலவறையில் இருக்க வேண்டும், அதில் 12 மாதம் வண்டலோடு. வருடம் போட்டது என்றால் 3 ஆண்டு. நல்ல குடும்பத் தோட்டங்கள் இதைவிட அதிகமாகவே விட்டு வைக்கும்.

அப்புறம் அந்த வண்டலை வெளியே எடுக்க வேண்டுமே. பாட்டிலைத் துளையிட்ட சாய்வுப் பலகையில் செருகி, தினமும் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் தலைகீழாகச் சாய்த்து, ஆறு எட்டு வாரத்தில் வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவருவார்கள். பாட்டிலுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் தெரியும்: சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய புகைக் கோடு கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு இறங்கும், கை கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் எழும்பி முழு பாட்டிலையும் கலக்கிவிடும், மறுபடி முதலிலிருந்து. இன்று பெரும்பாலும் இரும்புக் கூண்டு இயந்திரம் 500 பாட்டிலுக்கு மேல் ஒரே சமயத்தில் எடுத்துக்கொண்டு இந்த வேலையை ஒரு வாரத்தில் முடிக்கிறது. கையால் திருப்பினால் ருசி கூடும் என்று சொல்வதை நான் நம்புவதில்லை. கடைசியில் கழுத்தை மட்டும் சுமார் மைனஸ் 25 டிகிரி உப்புக் கரைசலில் உறைய வைத்து மூடியைத் திறந்தால், வண்டல் ஒரு பனிக்கட்டியாகத் தெறித்து வெளியே வந்துவிடும். போன அளவுக்கு ஒயினும் டோசாஜும் ஊற்றி கார்க் அடித்தால் முடிந்தது.

ப்ரொசெக்கோவும் இப்படித்தானா?

பெரும்பாலும் இல்லை. இத்தாலியின் அந்த நுரைக்கும் ஒயினில் இரண்டாவது நொதித்தல் பெரிய எஃகுத் தொட்டியில் நடக்கிறது. கிளெரா என்ற திராட்சையின் ஆப்பிள், பேரிக்காய் வாசனை புதிதாகவே இருக்க வேண்டும், ரொட்டி வாசனை அங்கே தேவையில்லை, ஆகவே தொட்டி முறை அதற்குச் சரியான முறை. மட்டம் என்று சொல்ல மாட்டேன்.

'குடும்பத் தோட்டம்' என்று லேபிளில் இருக்கிறது. எப்படி நம்புவது?

அந்தச் சொல்லை மட்டும் வைத்து நம்பாதீர்கள். நிறுவனம் குடும்பத்தின் கையில் இருப்பது ஒன்று. அந்தக் குடும்பமே திராட்சை வளர்த்து, அதே திராட்சையில் ஒயின் செய்வது இன்னொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் மூடிவிடலாம். பொலிஞ்சர், போல் ரோஜெ, லூயி ரோதரெர் எல்லாம் குடும்பச் சொத்துதான், ஆனால் வெளியாரிடம் திராட்சை வாங்கவும் செய்கிற பெரிய 'வீடுகள்' (பெரிய ஷாம்பெயின் நிறுவனங்களை அப்படித்தான் சொல்வார்கள்).

ஷாம்பெயின் என்றால் கண்டுபிடிப்பது சுலபம். லேபிளில் எங்கேயோ ஓரத்தில், பூதக்கண்ணாடி தேவைப்படும் அளவில், இரண்டு ஆங்கில எழுத்தும் பின்னால் ஒரு எண்ணும் இருக்கும். ஆர்.எம். என்றால் சொந்தத் திராட்சையில் தானே ஒயின் செய்யும் விவசாயி. வெளியிலிருந்து 5 சதவீதம் வரைதான் வாங்கலாம். என்.எம். என்றால் திராட்சை வாங்கிச் செய்யும் நிறுவனம். சி.எம். கூட்டுறவு. ஆர்.சி. என்பதுதான் வேடிக்கை: விவசாயி திராட்சையைக் கூட்டுறவுக்குக் கொடுத்து, அங்கே தயாரான ஒயினைத் தன் பெயர் போட்டு விற்கிறார். தோட்டம் அவருடையது, பெயர் அவருடையது, ஒயின் மட்டும் ஊரார் திராட்சையோடு கலந்து கூட்டுறவில் தயாரானதாக இருக்கலாம். எம்.ஏ. என்றால் வாங்கி விற்பவரின் பெயர் மட்டும், சூப்பர்மார்க்கெட் பிராண்ட் மாதிரி.

ஷாம்பெயின் பகுதியில் ஏறக்குறைய 34,000 ஹெக்டேர் தோட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு விவசாயிகள் கையில் இருக்கிறது. ஆனால் விற்கும் பாட்டில்களில் பெரும்பகுதி பெரிய வீடுகளுடையது. ஆர்.எம். என்ற இரண்டு எழுத்துக்கு இவ்வளவு மவுசு வந்ததற்குக் காரணம் இந்த ஏற்றத்தாழ்வுதான்.

அப்படியானால் ஆர்.எம். என்றாலே நல்ல ஒயினா?

இல்லை. யார் செய்தது என்றுதான் அந்த எழுத்து சொல்லும், எப்படிச் செய்தது என்று சொல்லாது. பெரிய வீடு நூற்றுக்கணக்கான கிராமத்துத் திராட்சையைக் கலந்து வருடா வருடம் ஒரே ருசியைக் கொண்டுவந்துவிடும், அது சாதாரணத் திறமை இல்லை. சிறு தோட்டத்துக்கு அந்த வசதி கிடையாது. இருப்பது நாலைந்து ஹெக்டேர், ஒன்றிரண்டு கிராமம். வசந்தத்தில் ஒரு ராத்திரி பனி விழுந்து துளிர் கருகினால் அந்த வருடம் அவ்வளவுதான். பழைய வருடங்களின் ஒயினைக் கொஞ்சம் சேமித்து வைத்துக் கலப்பார்கள், இருந்தாலும் ஒரு வருடத்துப் பாட்டிலும் அடுத்த வருடத்துப் பாட்டிலும் அச்சு அசலாக இருக்காது. எனக்கு அந்த வித்தியாசம்தான் பிடித்திருக்கிறது. 'போன தடவை குடித்த அதே ருசி வேண்டும்' என்பவர்களுக்குப் பெரிய வீடுதான் சரி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஷாம்பெயினுக்கு வெளியே குடும்பத் தோட்டங்கள் கிடையாதா?

தாராளமாக உண்டு. ஜெர்மனியில் 'வின்ட்சர்செக்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள்: விவசாயியின் சொந்தத் திராட்சை, பாட்டிலில் நொதித்தது, குறைந்தது 9 மாதம் வண்டலோடு இருந்தது. ரீஸ்லிங் திராட்சையில் செய்ததன் புளிப்பு கத்தி மாதிரி இருக்கும். ஸ்பெயினின் கட்டலோனியாவில் அங்கத்திய நுரைக்கும் ஒயினுக்கு இருக்கும் காவா என்ற பெயர் மலிவுச் சரக்காகிவிட்டது என்று சில குடும்பங்கள் 2019-இல் அதிலிருந்து வெளியேறி கோர்ப்பினாட் என்ற பெயரில் விற்கத் தொடங்கின. கிரமோனா, ரெகரேதோ அதில் தெரிந்த பெயர்கள். இயற்கை வேளாண்மை, கையால் பறிப்பு, குறைந்தது 18 மாதம் என்று கறாரான விதிகள் வைத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் சிமோன்சிக் தோட்டத்தின் ஃபிரான்ஸ் மாலன் 1971-இல் செனின் ப்ளாங் திராட்சையை வைத்து அந்நாட்டின் முதல் பாட்டில் நொதிப்பு ஒயினைச் செய்தார், இன்றும் அது குடும்பத் தோட்டம்தான். இத்தாலியின் ஃபிரான்சியகோர்த்தா, பிரான்ஸின் பல பகுதிகளில் வரும் கிரெமான் எல்லாமே பாட்டில் நொதிப்புதான்.

கறுப்புத் திராட்சையிலிருந்து வெள்ளை ஒயின் எப்படி?

நிறம் தோலில்தான் இருக்கிறது. பினோ நுவார், மெனியே என்ற திராட்சைகள் இரண்டும் கறுப்பு, ஆனால் உரித்துப் பார்த்தால் சாறு வெளுப்பு. மெதுவாக, மென்மையாகப் பிழிந்தால் தோலின் சாயம் இறங்காது. ஷாம்பெயினில் 4,000 கிலோ திராட்சைக்கு 2,550 லிட்டருக்கு மேல் சாறு எடுக்கக்கூடாது என்றே விதி, அதிலும் முதல் 2,050 லிட்டர்தான் உசத்தி. வெள்ளைத் திராட்சையில் மட்டும் செய்தால் 'ப்ளாங் த ப்ளாங்', கறுப்பில் மட்டும் செய்தால் 'ப்ளாங் த நுவார்'.

டோம் பெரிக்னான்தானே நுரைக்கும் ஒயினைக் கண்டுபிடித்தவர்?

இல்லை. அந்தத் துறவி திராட்சையைக் கலப்பதில் வல்லவர், ஆனால் அவர் காலத்தில் குமிழி ஒரு குறைபாடாகவே பார்க்கப்பட்டது. ஒயின் நுரைக்கச் சர்க்கரை சேர்ப்பதைப் பற்றி கிறிஸ்டோபர் மெர்ரெட் என்ற ஆங்கிலேயர் 1662-இலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் பேசியிருக்கிறார்.

பயமில்லாமல் திறப்பது எப்படி?

நன்றாகக் குளிர வைத்திருந்தால் பாதி பயம் போய்விடும், சூடான பாட்டிலில்தான் அழுத்தம் அதிகம். தாளைக் கிழித்துவிட்டு, கம்பியைத் தொடுவதற்கு முன்பே ஒரு கட்டை விரலை கார்க்கின் தலையில் வையுங்கள், பாட்டில் திறக்கும் வரை அந்த விரலை எடுக்க வேண்டாம். கம்பியின் வளையத்தை ஆறு அரைத் திருப்பு திருப்பினால் தளர்ந்துவிடும். கம்பிக் கூட்டைக் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை, கார்க்கோடு சேர்த்தே ஒரு துணியைப் போட்டுப் பிடியுங்கள். பாட்டிலைச் சாய்த்து, ஆள் இல்லாத பக்கம் பார்க்க வைத்து, கார்க்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டு அடியில் பாட்டிலைத் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் கார்க் தானாகவே உள்ளங்கையைத் தள்ளும். அங்கேதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் எதிர்த்து அழுத்துங்கள், இழுக்கவே வேண்டாம். 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு கேட்டால் சரியாகத் திறந்தாயிற்று. 'டப்' என்று வெடித்தால் கைதட்டல் கிடைக்கும், ஒயினில் கொஞ்சம் தரைக்குப் போகும்.

எவ்வளவு குளிர்ச்சி?

8 முதல் 10 டிகிரி. ஃபிரிட்ஜில் மூன்று நாலு மணி நேரம், அவசரம் என்றால் பாதி ஐஸ் பாதி தண்ணீர் இருக்கும் வாளியில் அரை மணி. வெறும் ஐஸில் புதைப்பதை விடத் தண்ணீர் கலந்தால்தான் சீக்கிரம் குளிரும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். நான் ஒரு முறை வைத்து மறந்துபோய், கார்க் கம்பியை நெட்டித் தள்ளிக்கொண்டு நிற்க, உள்ளே பாதி பனிக்கூழாக இருந்ததைப் பார்த்த பிறகு அந்தப் பக்கமே போவதில்லை.

எந்தக் கண்ணாடிக் கோப்பை? சிலவற்றில் குமிழியே வருவதில்லையே?

குழல் மாதிரி ஒல்லியான கண்ணாடியில் குமிழி அழகாக ஏறும், வாசனைக்கு இடம் இருக்காது. அகலக் கிண்ணத்தில் இரண்டுமே ஓடிவிடும். நடுவில் பருத்து மேலே குறுகும் துலிப் வடிவம் போதும், அது இல்லாவிட்டால் சாதாரண வெள்ளை ஒயின் கண்ணாடி.

குமிழி வராததற்குப் பெரும்பாலும் ஒயின் காரணம் இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் துணி நார், தூசி இவற்றின் நுண்ணிய குழிகளில்தான் குமிழி பிறக்கிறது என்று ரேம்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெரார் லிஜே-பெலேர் காட்டியிருக்கிறார். பளபளவென்று இயந்திரத்தில் கழுவிய கண்ணாடியில் அதற்கு இடமே இருக்காது. சோப்பு மிச்சமிருந்தால் நுரையும் அமுங்கிவிடும். வெந்நீரில் அலசி, பருத்தித் துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றிப் பாருங்கள். ஊற்றும்போது கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் வாயு கூடுதலாகத் தங்கும் என்பதும் அவருடைய குழுவின் ஆய்வில் வந்ததுதான்.

பாட்டிலின் அடியில் கண்ணாடித் துகள் மாதிரி ஏதோ இருக்கிறதே?

டார்டாரிக் அமிலத்தின் உப்பு, குளிரில் படிகமாகும். ஒன்றும் செய்யாது.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பின்பக்கத்தில் வண்டல் நீக்கிய தேதி இருக்கிறதா பாருங்கள், சிறு தோட்டங்கள் பலவும் போடுகின்றன. வருடம் போடாத ப்ரூட் என்றால் அந்தத் தேதியிலிருந்து இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. நீக்கி ஒரு மாதம்தான் ஆகிறது என்றால் சில மாதம் பொறுங்கள், சேர்த்த டோசாஜ் இன்னும் கலந்திருக்காது. இருட்டிலும் குளிர்ச்சியிலும் வையுங்கள். வெளிச்சம் பட்டால், அதுவும் நிறமில்லாத கண்ணாடி பாட்டிலாக இருந்தால், வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை வந்துவிடும்.

ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்பைட்டால்தானே தலைவலி?

சிலருக்கு, முக்கியமாக ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, சல்பைட் ஒத்துக்கொள்ளாது, அவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு மறுநாள் தலைவலி என்றால் முதலில் எத்தனை கண்ணாடி போயிற்று என்று எண்ணிப் பாருங்கள். 125 மில்லி ஒரு கண்ணாடி என்றால் அதில் சுமார் 12 கிராம் ஆல்கஹால். கலோரி தொண்ணூறு சொச்சம், அதில் சர்க்கரையின் பங்கு ப்ரூட்டில் ஆறு கலோரி கூட வராது. அதனால் 'ட்ரைதானே, உடம்புக்கு ஒன்றும் செய்யாது' என்ற கணக்கு எடுபடாது. 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரான ஒயின்களில் சேர்மானமும் கலோரியும் தெரிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி வைத்திருக்கிறது, லேபிளில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் கிடைக்கும்.

மீந்ததை என்ன செய்வது? வெள்ளி ஸ்பூன் போட்டால் வாயு போகாதாமே?

ஸ்பூன் கதை சும்மா. இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் மூடி ஒன்று வாங்கிப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒன்றிரண்டு நாள் நன்றாக இருக்கும். மூடி இல்லாவிட்டாலும் குளிர்ச்சியில் மறுநாள் வரை ஓரளவு தாங்கும்.

கார்க்கை வைத்து ஏதாவது கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம், தேதி போடாத பாட்டிலில் இதுதான் என் வழி. கழற்றியதும் கார்க்கை மேசையில் நிற்க வையுங்கள். அடிப்பகுதி பாவாடை மாதிரி விரிந்துகொண்டே வந்தால் அடித்து அதிக நாள் ஆகவில்லை, கார்க்குக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஒல்லியாக, நேராக, விரியாமல் ஒரு கட்டை மாதிரி நின்றால் வருடக்கணக்கில் அந்தக் கழுத்தில் நெரிபட்டுக் கிடந்திருக்கிறது. அப்படிப்பட்ட பாட்டிலில் குமிழி மெலிந்து, நிறம் பொன்னாகி, ரொட்டி வாசனை தூக்கியிருக்கும். சில சமயம் அதுதான் பிரமாதம், சில சமயம் உதறிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டியதுதான்.